வானத்துல இருந்து வரப்பு பாக்கிற பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, பட்டணத்துல இருந்து வந்து ஒண்ணரை ஏக்கர் புஞ்சை வாங்கியிருக்க. சந்தோசம். பத்திரத்து மை காயல, அதுக்குள்ள ட்ரோன் விடணும்ங்கிற, முப்பரிமாணப் படம் எடுக்கணும்ங்கிற, செயற்கைக்கோள்ல பயிரைப் பாக்கணும்ங்கிற. வீட்டுக்கும் காட்டுக்கும் எவ்வளவு தூரம்லே? வாயில போட்ட வெத்தலை செவக்கதுக்குள்ள போயிரலாம்லா? நடக்க வலிக்கு, பறக்க ஆசை.

மூஞ்சியத் தூக்காத. நான் மிஷினுக்கு விரோதி இல்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்ன கூட்டம்லா நாம? ராசராசன் ஆயிரம் வருசத்துக்கு முன்னாலயே சோழ நாட்டு நிலத்தைக் கோல் போட்டு அளந்து, ஒரு வேலியைப் பின்னத்துக்குப் பின்னமா நறுக்கிக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். எதுக்கு? வரி போடணும்லா! அளவுகோல் முன்னால வந்தா பின்னாலயே உண்டியல் வரும்.

பெறவு வெள்ளைக்காரன் வந்தான். லாம்ப்டன்னு ஒருத்தன். 1802ல பரங்கிமலைப் பக்கத்துல சங்கிலி புடிச்சு ஆரம்பிச்சான், இந்தியாவையே முக்கோணம் முக்கோணமா அளந்துருவோம்னு. அவன் கோணம் பாக்கிற கருவி அரை டன் கனம். 1808ல அதைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்து மேல கயித்தக் கட்டி ஏத்துனான். கயிறு அந்துச்சு. கருவி செவுத்துல மோதி வளைஞ்சு போச்சு. மனுசன் என்ன செஞ்சான்? கூடாரத்துக்குள்ள போயி ஆறு வாரம் குந்தி, ஆப்பு வச்சு, திருகி, தட்டி, தானே நிமித்திட்டான். இப்ப உள்ளவன் பெட்டி கெட்டா என்ன செய்வான்? சிக்னல் இல்லைன்னு டீக்கடைக்குப் போயிருவான்.

இன்னொரு வேடிக்கையும் கேளு. அந்தத் துரைமாரு தொலைநோக்கி வச்சுப் பாக்கயில, அந்தப்புரத்தைப் பாக்கானுவளோன்னு ஊர்க்காரனுக்குச் சந்தேகம். இப்ப ட்ரோன் பறந்தா, மாடியில துணி காயப்போடுத பொம்பளைக்கு அதே சந்தேகம். கருவிதான் மாறியிருக்கு.

சரி, ஒன் சங்கதிக்கு வருவோம். நேத்து போனைக் கையில புடிச்சுக்கிட்டுப் பொழியச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு, "தாத்தா, ஏழு செண்டு கொறையுது, அடுத்த காட்டுக்காரன் தின்னுட்டான்"ன்னு குதிச்சியே. கணக்குப் போடத் தெரியுமா ஒனக்கு? போனுல இருக்க ஜி.பி.எஸ். வெட்டவெளியிலயே மூணு மீட்டரு, அஞ்சு மீட்டரு தள்ளிக் காட்டும். நூறு மீட்டர் நீளப் பொழியில மூணு மீட்டர் தள்ளுனா 300 சதுர மீட்டர். ஏழு செண்டுக்கு மேல வருது! ஒன் நெலத்தைத் தின்னது ஒன் போனுடே.

சர்வேயர் கொண்டாற டி.ஜி.பி.எஸ். வேற ரகம். எடம் துல்லியமாத் தெரிஞ்ச ஒரு புள்ளியில ஒரு பெட்டி அசையாம நிக்கும். இன்னொண்ணைக் கோல் நுனியில மாட்டி ஒருத்தன் பொழி பொழியா நடப்பான். நிக்கிற பெட்டிக்குத் தன் எடம் தெரியும்லா? வானத்துல இருந்து வார கணக்கு எவ்வளவு பிசகுதுன்னு அது கண்டுபுடிச்சு, நடக்கிற பெட்டிக்குச் சொல்லிரும். அதைக் கழிச்சுட்டா ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குள்ள வந்து நிக்கும். 20,000 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துத சாமானை வச்சு ஒண்ணு ரெண்டு விரக்கடை சுத்தம்! கெட்டிக்காரத்தனம்தான். ஆனா அந்தக் கோல்ல ஒரு சின்ன ரசமட்டம் இருக்குமே, பாத்தியா? அந்தக் குமிழி வட்டத்துக்கு நடுவுல நிக்கணும். கோல் சாஞ்சா கணக்கும் சாஞ்சிரும். புளியமரத்து மூட்டுக்குப் போனா, எலைக்கு ஊடால வானம் தெரியாம பெட்டி முழிக்கும்.

அதை விடு. மேலக்காட்டுல அப்படித்தான் அளந்தாக. பெட்டி சுத்தமா எடத்தைக் காட்டுச்சு, "இங்கன கல்லு இருக்கணும்"னு. தோண்டுனா மண்ணுதான் வருது. கல்லு எங்க? நாலு வீடு தள்ளி ஒருத்தன் வீட்டுக் கெணத்தடியில தொவைக்கிற கல்லாக் கெடக்கு! மேல கொத்துன அம்புக்குறி இன்னும் அழியல. அது மேலதான் வேட்டியத் தேச்சுக்கிட்டு நிக்கான். இதுக்கு எந்தச் செயற்கைக்கோள் பஞ்சாயத்துப் பண்ணும்?

நீ எங்கன நிக்கன்னு பெட்டி சொல்லும். அது யாரு எடம்னு பத்திரமும் பட்டாவும் புலப்படமும் சொல்லணும். அந்தப் பழைய புலப்படம் அறுபத்தாறு அடிச் சங்கிலி இழுத்துப் போட்டது. வெயிலுக்குச் சங்கிலி நீளும், தொய்ஞ்சா அளவு கூடும், புடிக்கிறவன் அசந்தா சொல்லவே வேண்டாம். அன்னைக்குப் போட்ட கோடு பிசகுன்னா, இன்னைக்கு வந்த பெட்டி அந்தப் பிசகைச் சென்டிமீட்டர் சுத்தமாக் காட்டும்.

வடக்க ஹரியானா, உத்தரப்பிரதேசம் பக்கம் 2020ல இருந்து ஸ்வாமித்வான்னு ஒரு திட்டம். ஊருக்குள்ள இருக்க வீட்டு எடங்களுக்கு ட்ரோன் விட்டுப் படம் எடுத்து, சொத்து அட்டை குடுக்காக. ட்ரோன் பறக்கதுக்கு முன்னால என்ன நடக்கும் தெரியுமா? வீட்டுக்காரன், அடுத்த வீட்டுக்காரன், பஞ்சாயத்து ஆளு எல்லாரும் கூடி நின்னு தரையில சுண்ணாம்புப் பொடியில கோடு போடணும். அந்த வெள்ளைக் கோட்டைத்தான் ட்ரோன் மேல இருந்து படம் புடிக்கும். அத்தனை ஆளு வாய்ச்சண்டை முடிஞ்ச பெறவுதான் அதுக்கு வேலை. நீ சண்டையத் தீக்கவே ட்ரோனைக் கூப்புடுத.

அப்ப வானத்துல இருந்து பாக்கது வெட்டி வேலையா? யார் சொன்னா? டெல்டாவுல கார்த்திகை மழையில நெல்லு முங்கிக் கெடக்கு. மேல மேகம். சாதாப் படத்துல பஞ்சு மூட்டைதான் தெரியும். ரேடார் வச்ச செயற்கைக்கோள் மேகத்தையும் இருட்டையும் சட்டை பண்ணாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்காரங்க அந்தப் படத்தை வச்சே நெல்லு நட்ட பரப்பைக் கணக்கெடுத்துப் பயிர்க் காப்பீட்டுக்குக் குடுத்திருக்காக. லேசர் ஒளியை அடுக்கடுக்கா வீசி, அது போயித் திரும்புத நேரத்தை வச்சுத் தரையப் படிக்கிறதும் உண்டு. காட்டு எலைக்கு ஊடால புகுந்து, கம்போடியாவுல அங்கோர் கோயிலைச் சுத்திப் பொதைஞ்சு கெடந்த தெருவையும் வாய்க்காலையும் 2012ல அப்படித்தான் கண்டுபுடிச்சாக. அது மனுசன் லேசுல நடந்து பாத்துர முடியாத எடம். ஒன் காடு அப்படியா? நீ காசில்லாமப் பாக்குத அந்தப் பயிர்ப் படத்துல பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம். ஒன் சொத்து மொத்தமே அறுபது கட்டம்தாம்லே. பயிர் வாடுதான்னு அதுல தேடுததுக்கு, காலையில தண்ணி பாய்ச்சப் போகயில குனிஞ்சு எலையத் திருப்பிப் பாரு. அசுவினி ஒட்டிக்கிட்டிருந்தா கையில பிசுபிசுக்கும்.

பெரிய சங்கதி ஒண்ணு சொல்லுதேன். இமயமலையில ஜோஷிமட். வீட்டுச் செவுரெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுது. சனங்க கத்துனாக. 2023 சனவரியில இஸ்ரோவோட மையம் செயற்கைக்கோள் படத்தைப் பாத்து, பன்னெண்டு நாளுல 5.4 சென்டிமீட்டர் தரை எறங்கியிருக்குன்னு எழுதுச்சு. எவ்வளவு நல்ல கண்ணு! கொஞ்ச நாளுல அந்த அறிக்கைய எடுத்துட்டாக. தரை எறங்குனதை மிஷின் மறைக்கல பாத்துக்கோ.

ஒன் காட்டுச் சரிவு தெரியணுமா? கொத்தனாரு வச்சிருக்க தண்ணி டியூப்பு போதும். அதுவும் வேண்டாம்னா, ஐப்பசியில ஒரு மழை பேஞ்சு விட்டதும் பொழி மேல குடையோட நில்லு. தண்ணி எங்கன தேங்குது, எங்கன ஓடுதுன்னு அதுவே கோடு போட்டுக் காட்டும். பொழிச் சண்டைன்னா அடுத்த காட்டுக்காரன் வீட்டுக்கு ஒரு நடை போயி உக்காரு. அவன் ஒன் அப்பனுக்குக் கூட்டாளி, காப்பி குடுக்காம அனுப்ப மாட்டான்.

என்னது, ட்ரோன்காரனுக்கு முன்பணம் குடுத்தாச்சா? வெளங்கும். சரி, குடுத்தது குடுத்தாச்சு, வரட்டும். வந்தவன் ஒன் காட்டோட நிக்காண்டாம், நம்ம குளத்து மேலயும் ஒரு சுத்து பறக்கட்டும். மறுகாலை அடைச்சு எவனெவன் வீடு கட்டியிருக்கான்னு நானும் ஒருக்கப் பாக்கணும். நம்ம சொக்காரன் வீடு வந்துச்சுன்னா மட்டும் படத்தைப் பெருசாக்காண்டாம்னு சொல்லிரு.