டர்போ வண்டிக்கு முதற்பொருள் யாது? ஓர் ஆராய்ச்சி

புதுக் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் வழக்கத்தை இதுவரை திருஷ்டிக் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறார்கள். அது ஆய்வுலகின் பெரும் பிழை. வண்டி நகர்ந்ததும் குனிந்து பார்த்தால், சாறு சிதறிய இடத்தில் டயர் தரையைத் தொட்ட அளவு தெரியும். ஏறத்தாழ ஓர் உள்ளங்கை. 120 குதிரைத்திறனும் ரோட்டோடு பேசுவது இந்த உள்ளங்கை வழியாகத்தான். ஆக, அந்த வண்டியின் முதல் டயர் பரிசோதனையைச் செய்து முடித்தவர் பூசை போட வந்த ஐயர். வண்டிக்காரர் அதைக் கவனிப்பதில்லை. அந்நேரம் அவர் பின்பக்கம் நின்று, சைலன்சர் குழாய்க்குள் விரல் விட்டு அகலம் பார்த்துக்கொண்டிருப்பார்.

டர்போ ஹேட்ச்பேக் வாங்கியவர் முதலில் எதை மாற்றுவது என்பதே இக்கட்டுரையின் வினா. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்தது. மாடிஃபிகேஷனுக்கு வகுக்காமல் விட்டது. அந்தக் குறையை நிறைவு செய்ய இங்கே ஒரு முயற்சி.

முதலில் வரையறை. சீட்டின் பாலிதீன் உறை கிழிபடாத வரை அது 'புது வண்டி'. நம் வீடுகளில் இந்தக் காலம் ஆறு மாதம் வரை நீள்வதுண்டு. மாதிரிக்கு இரண்டு வண்டிகள். ஒன்று, 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ: 1.2 லிட்டர், 105 பிஎஸ். 2022-இல் போலோவையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்திருப்பவர்களின் துக்கம் இன்னும் நிற்கவில்லை. மற்றொன்று, 2021 செப்டம்பரில் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன்: 998 சிசி, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். இது பிறக்கும் இருங்காட்டுக்கோட்டையிலேயே சென்னையின் மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே பந்தயத் தடம் இருந்தும், இவ்வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே போனதில்லை.

வரலாற்றுக் குறிப்பு ஒன்று. வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தில் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பியூஷி 1905-இல் காப்புரிமை பெற்றார். 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் அதைக் காரில் கொண்டுவந்தது. இன்ஜின் நாக்கிங் ஆகாமல் இருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித்தர நிறுவனமே முன்வந்தது. டர்போ காரில் நடந்த ஆதி மாடிஃபிகேஷன்களில் ஒன்று டர்போவை எடுத்தது என்பதை ஆய்வுலகம் அடிக்கோடிட்டு வைக்க வேண்டும்.

இனி கட்சிகள். ஆள்பலம் மிகுந்தது ஒலிக்கட்சி. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'புஸ்ஸ்' என்று சத்தம் வராவிட்டால் அது டர்போவே அல்ல என்பது இவர்கள் சித்தாந்தம். கால் எடுத்த கணத்தில், ஏற்கெனவே அமுக்கிய காற்றுக்குப் போக இடம் இருக்காது. அதை மறுபடி உள்வழிக்கே சத்தமில்லாமல் திருப்பிவிட ஒரு வால்வு கம்பெனியிலேயே உண்டு. அதைக் கழற்றிக் காற்றை வெளியே ஊதவிடும் வால்வை மாட்டினால்தான் புஸ்ஸ். ஆனால் உள்ளே போகும் காற்றை அளந்து அதற்குத் தக்கபடி பெட்ரோல் ஊற்றும் வகை வண்டிகளில், வெளியே போன காற்றும் கணக்கில் ஏறிவிட்டிருக்கும். பந்தியில் இலை எண்ணிய பிறகு ஒருவர் எழுந்து போய்விட்டார். சமையல்காரர் அவருக்கும் சேர்த்து வடை தட்டிவிட்டார். மிஞ்சிய வடை, அதாவது பெட்ரோல், கரும்புகையாகப் போகும். வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வடைச் செலவு மட்டும் மிச்சம்.

ஒலிக்கட்சியின் கிளை, கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். கம்பெனிக் குழாய் வண்டியின் முகப்பிலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. மறைப்பில்லாத கூம்போ பானெட்டுக்குள் கொதிக்கிற காற்றையே உறிஞ்சும். 15 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று அடர்த்தியில் சுமார் 8 விழுக்காடு குறைவு. சித்திரை மாதச் சென்னையில் பானெட்டுக்குள் வெப்பம் 40-இலா நிற்கும்?

அடுத்தது மென்பொருள் கட்சி, படித்தவர்கள் கட்சி. இவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ரீமேப் போட்டால், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் எண்களை மாற்றினால், கிடைப்பது சொற்பம். டர்போவிலோ காற்றழுத்தத்தைக் கம்ப்யூட்டர் தீர்மானிப்பதால், எண்களை மாற்றினாலே வண்டி ஆளை சீட்டோடு அழுத்தும். கோவைப் பட்டறை ஒன்றில் இதைக் கிட்ட நின்று பார்க்கலாம். பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர் அது. செட்டிபாளையம் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே லேப்டாப் வயர். பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு சார்ஜர். சாவி ஆனில், இன்ஜின் ஆஃபில். திரையில் விழுக்காடு ஏற ஏற, வண்டிக்காரர் பிரசவ வார்டு வாசலில் நிற்கும் கணவர்போல் நடக்கிறார். மாலையில் வீட்டில் விசாரணை.

"வண்டிய என்ன சாமி பண்ணுன?"

"சாஃப்ட்வேர் அப்டேட்டுங்கப்பா."

"போன்ல வர்ற மாதிரியா?"

"அதே மாதிரிதானுங்க."

"அதுக்கு எதுக்கு சாமி இத்தன ரூவா?"

இக்கேள்விக்கு ஆய்வுலகில் இதுவரை விடையில்லை. போலோவின் ஏழு வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் தாங்கும் அளவு 250 நியூட்டன் மீட்டர். கம்பெனி கொடுத்தது 175. இடையில் விட்ட இடம் வெயிலுக்கும், பெட்ரோலின் தரத்துக்கும், வண்டியின் வயதுக்கும். ரீமேப் என்பது அந்த இடத்தைப் புதிதாக உருவாக்குவதல்ல, எடுத்துச் செலவழிப்பது. வாரண்டியும் அதோடு போகும்.

ஒப்பனைக் கட்சியைப் பற்றிச் சுருக்கமாக. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டு 35 மில்லிமீட்டர் இறக்கினால், 170 இருந்த தரை இடைவெளி 135 ஆகும். சாலை விதிப்படி வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர். அந்த விதியைப் பஞ்சாயத்து கொத்தனார் படித்ததில்லை. மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

கட்சியே இல்லாத இரு பொருள்கள் உண்டு. ஒன்று டயர். அதிலும் கணக்கு வேண்டும்: 195/55 ஆர்16-க்குப் பதில் 205/55 ஆர்16 போட்டால் விட்டம் 621-இலிருந்து 632 மில்லிமீட்டராகும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி சுமார் 1.8 விழுக்காடு கூட ஓடும். அளவு அதுவாகவே இருந்து, நல்ல ரப்பராக மாறினாலே போதும். மற்றொன்று பிரேக் ஆயில். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை அது தானே உறிஞ்சிக்கொள்வதால், நாளடைவில் கொதிநிலை 155 வரை இறங்கலாம். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், புஸ்ஸ் சத்தம் காப்பாற்றாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு, ஒரு ஸ்டிக்கர் செட்டைவிடக் குறைவு. ஆனால் யாரும் சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "ப்ரோ, என்ன பிரேக் ஆயில்?" என்று கேட்பதில்லை. கிடைத்த சான்றுகளின்படி, முதல் மாடிஃபிகேஷனைத் தேர்ந்தெடுப்பது வண்டிக்காரர் அல்ல, பக்கத்து வண்டிக்காரர்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றத்துக்கு இவ்வளவு என்பதை வாசகர் கவனிக்க. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கிடையாது.

ஆகவே முடிபு: வாரண்டி முடியும்வரை டயர், பிரேக் ஆயில். பிறகு அவரவர் பாடு. இதையும் மீறிச் சைலன்சரை மாற்றியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கழற்றிய பழையதை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், துணி சுற்றிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் கேட்கப்போவது அதைத்தான்.