வீட்டு ஜெல்காரி

வீட்டு ஜெல்காரி என்பவள் பார்லர் பக்கம் போகாமல் தன் பத்து விரல் நகங்களுக்கும் தானே ஜெல் பாலிஷ் போட்டுக்கொள்பவள். சென்னை, கோவை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் மகளிர் விடுதிகளிலும் பரவலாகக் காணப்படுகிறாள். வயது வரம்பு இல்லை. கூட்டத்தில் இவளை அடையாளம் காண்பது எளிது: எல்லாவற்றையும் இடது கையால் செய்வாள். நெற்றி முடியை ஒதுக்குவதும், செல்போனைக் காதில் வைப்பதும், ஆட்டோவை நிறுத்துவதும் இடது கைதான். வலது கை துப்பட்டாவுக்குள்ளோ பைக்குள்ளோ ஒதுங்கியிருக்கும். இத்தனைக்கும் இவள் பிறவியில் இடக்கைப் பழக்கம் உள்ளவள் அல்ல.

காரணம், பூசும் முறையில் இருக்கிறது. வலது கையில் தூரிகை பிடித்து இடது கை நகங்களுக்குப் பூசும்போது கோடு நூல் பிடித்தபடி போகும். பிறகு தூரிகை இடது கைக்கு மாறுகிறது. தண்ணீர்க் குடமும் பஸ் கம்பியும் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை அது. சுண்டு விரலில் தொடங்கிக் கட்டை விரலுக்கு வருவதற்குள் பாதி வண்ணம் தோலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆக, ஒரே உடம்பில் இரண்டு பேர் வரைந்த நகங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுவது இடது கை மட்டுமே. அந்தப் படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இவளுக்கு வலது கை உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்காது. பொறுமை மிச்சமிருக்கும்போதே வலது கையை முதலில் முடித்துவிட வேண்டும், தூரிகையை அசைக்காமல் பிடித்து விரலை உருட்ட வேண்டும் என்பன இந்தக் குறைக்குச் சொல்லப்படும் பரிகாரங்கள். இரண்டும் இவளுக்கு மனப்பாடம். ஆனால் புதுப் பாட்டிலைத் திறந்ததும் கண் இடது கைக்குத்தான் போகும்.

இவள் உருவாவது சிக்கனத்தால். பார்லரில் ஒரு தடவை கொடுக்கும் காசில் வீட்டுக்கு ஒரு செட்டே வாங்கிவிடலாம் என்பது தொடக்கக் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. செட்டில் வந்த நிறங்களோடு நிறுத்திக்கொள்வாள் என்ற அனுமானத்தில்தான் பிழை. வந்த ஆறு மாதத்தில் ஒரு பழைய ஸ்வீட் டப்பா நிறையப் பாட்டில்கள் சேர்ந்திருக்கும். அவற்றில் பெரும்பகுதி 'நியூட்' எனப்படும் தோல் நிற வகை. ஒவ்வொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இவளால் பத்து நிமிடம் விளக்க முடியும். வீட்டு ஆண்களின் கண்ணுக்கு எல்லாம் ஒரே பால் காபி.

டப்பாவுக்கு அடுத்தபடி முக்கியமானது லேம்ப். சாதாரண நெயில் பாலிஷ், அதிலுள்ள கரைப்பான் காற்றில் ஆவியாவதால் காய்கிறது. ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதிலுள்ள அக்ரிலேட் வகை மூலக்கூறுகளை, ஒளி பட்டதும் விழித்துக்கொள்ளும் தூண்டுபொருள்கள் ஒன்றோடொன்று கோத்து இறுக்கிவிடுகின்றன. இதற்கு 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் பயன்படுகிறது. பல் மருத்துவர் பல்லடைக்கும்போது வாய்க்குள் நீட்டும் நீல ஒளியின் வேலையும் இதே வகைதான். செயற்கை நகத்தின் கதையே பல் மருத்துவத்தில் தொடங்குகிறது: 1950களில் அமெரிக்காவில் ஃப்ரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைப் பல்லுக்கான அக்ரிலிக்கைக் கொண்டு ஒட்டுப்போட்டார். தூரிகையால் பூசி, விளக்கில் இறுக்கி, ஊறவைத்து எடுக்கும் இன்றைய வகை, 2010இல் சி.என்.டி. நிறுவனத்தின் ஷெல்லாக் வந்தபின் பரவியது.

லேம்ப் வேலை செய்யும் விதம் புரியாத ஜெல்காரி, நல்ல வெளிச்சம் வேண்டுமென்று பால்கனியில் உட்காருவாள். வெயிலிலும் புற ஊதாக் கதிர் உண்டு. மூன்றாவது விரலுக்கு வரும்போது பாட்டிலில் தூரிகை நட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த முறை ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு உட்காருவாள். அன்று மின்தடை வரும். விளக்கின்றி ஜெல் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் என்பதால், பத்து விரலையும் விரித்துக்கொண்டு கரண்ட்டுக்காகக் காத்திருப்பாள். ஃபேனும் ஓடாது. விளக்குக்குள் நான்கு விரலையும் கட்டை விரலையும் ஒன்றாக நுழைப்பது இன்னொரு பிழை. கட்டை விரல் பக்கவாட்டில் சாய்வதால் ஒளி சமமாகப் படாது. அதைத் தனியாகக் காட்ட வேண்டும். கனமாகப் பூசியிருந்தால் இறுகும்போது சுரீரென்று சுடும். கூடத்திலிருந்து "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தால் இவள் இரண்டாவது கோட் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டார் அறிவர்.

முன்தயாரிப்புதான் இவளுக்குப் பிடிக்காத பகுதி. க்யூட்டிகிள் தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளி, நகத்தின் மினுமினுப்பை பஃபரால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். அதன் பிறகே பேஸ் கோட். ஒவ்வொரு கோட்டும் மெல்லிசாக இருக்க வேண்டும், நகத்தின் நுனி விளிம்பையும் மூட வேண்டும், தோலைத் தொடவே கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு நேராகப் பாட்டிலைத் திறப்பவளுக்கு மூன்றாம் நாள் ஜெல் முழு நகமாகக் கழன்று வரும். பழி பாட்டிலின் மீது போடப்படும்.

வடிவங்களில் முதலில் முயல்வது ஃப்ரெஞ்ச் டிப்: அடியில் இளஞ்சிவப்பு, நுனியில் வெள்ளைப் பிறை. 1970களில் ஹாலிவுட்டில், ஆடை மாற்றும்போதெல்லாம் நடிகைகள் நகப்பூச்சையும் மாற்ற வேண்டாம் என்பதற்காக ஓர்லி நிறுவனத்தின் ஜெஃப் பிங்க் இதைப் பரப்பினார். எந்தப் புடவைக்கும் பொருந்தும் என்பதால் இங்கேயும் நிலைத்துவிட்டது. வீட்டில் இதற்கு எளிய வழி, சிலிக்கான் ஸ்டாம்பரில் வெள்ளையைத் தடவி அதற்குள் நக நுனியை அழுத்துவது. பிறை தானாக விழும். இடது கையில் வளர்பிறையும் வலது கையில் கிரகணமும் விழும்.

அடுத்தது புள்ளி வகை. இதற்கென விற்கும் டாட்டிங் கருவியை வாங்காமல் ஹேர்பின் முனை, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, குண்டூசியின் தலை என்று வீட்டிலேயே தேடிக்கொள்ளலாம். ஐந்து புள்ளியும் நடுவில் வேறு நிறத்தில் ஒன்றும் வைத்தால் பூ. ஒரே பெரிய புள்ளியை நகத்தின் அடியில் வைத்தால் நவீன பாணி. இந்த வகையில் கொஞ்சம் தேறியதும் ஜெல்காரிக்குச் சிக்குக் கோலத்தைக் கட்டை விரல் நகத்தில் போட ஆசை வரும். அதுவரை "என்னடி இது, விரலுக்குப் பெயிண்ட் அடிக்கிற கூத்து" என்று நாளிதழுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்த பாட்டி அன்றுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகே வருவார். "நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?" என்று கேட்பார். பதில் வராது. "இழை இங்க முட்டி நிக்குது பாரு, சுத்தி வந்து சேரணும்" என்பார். அன்று முதல் அவர் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. ஆடி மாதத்தில் மருதாணி அரைத்து விரல் நுனிக்குத் தொப்பி போட்டுப் பழகியவருக்கு, நகத்தில் ஒட்டும் எதைப் பற்றியும் பேச உரிமை உண்டு. மருதாணியிலுள்ள லாசோன் நகத்தின் கெராட்டினோடு பிணைந்துவிடுவதால் நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை போகாது. இதற்கு லேம்ப் வேண்டாம், டாப் கோட் வேண்டாம் என்பது பாட்டியின் வாதம்; மறுப்பு இதுவரை எழவில்லை.

ஒம்ப்ரே எனப்படும் நிறக்கலவைக்கு மேக்கப் ஸ்பாஞ்சில் இரண்டு வண்ணங்களை அடுத்தடுத்துத் தடவி நகத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். பூனைக்கண் வகையில் இரும்புத் துகள் கலந்த ஜெல்லைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சிறு காந்தத்தை மேலே காட்டினால் துகள்கள் ஒரு கோடாகத் திரண்டு ஒளிரும். உடனே லேம்ப்புக்குள் வைத்துவிட வேண்டும். கூடவே வந்த காந்தம் தொலைந்துவிட, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் திருப்பதி காந்தத்தைப் பெயர்த்து வந்து முயல்வது வழக்கம். அதன் இழுவிசை துகளை அசைக்காது. குரோம் வகையோ வீட்டையே அசைத்துவிடும். 2022இல் ஹெய்லி பீபரின் நகங்கள் வழியாக 'கிளேஸ்டு டோனட்' என்று உலகமெங்கும் பரவிய முத்துப் பளபளப்பு அது. ஒட்டும் படலம் தங்காத டாப் கோட்டை இறுக்கி, அதன்மேல் குரோம் பொடியை விரலால் தேய்த்து, மறுபடி டாப் கோட்டால் மூட வேண்டும். பொடி மிக நுண்ணியது. நகத்தில் ஏறியது போக மீதி சோபாவிலும், ரிமோட்டிலும், அப்பாவின் விபூதித் தட்டிலும் கிடைக்கும். மறுநாள் அலுவலகத்தில் அவர் நெற்றி மின்னியதற்கு யாரும் விளக்கம் தரவில்லை.

இத்தனைக்கும் பிறகு சாப்பாடு இருக்கிறது. ஐரோப்பிய வழிகாட்டிகள் எதிலும் சாம்பார் சாதத்துக்கென ஓர் அத்தியாயம் கிடையாது. மஞ்சளின் குர்க்குமின் வெளிர் நிற டாப் கோட்டில் பிடிக்கும்; வெள்ளைப் பிறை நான்கு வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சை நிறமாகும். தமிழ்நாட்டில் சாப்பிடுவது வலது கையால் என்பதால், ஏற்கெனவே அடி வாங்கிய கைக்கே இதுவும். அடர்நிறத்தை வலது கைக்கும் வெளிர்நிறத்தை இடது கைக்கும் போடுவது ஒரு தீர்வு. ஃபேஷன் என்று சொல்லிக்கொள்ளலாம். குர்க்குமின் வெயிலில் வெளுக்கும் என்று எங்கோ படித்தவள், சாப்பிட்டதும் வலது கையைப் பால்கனிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பாள். எதிர்வீட்டார் மழை பெய்கிறதோ என்று கொடியில் காயும் துணிகளை எடுப்பார்கள்.

தோலில் பட்ட ஜெல்லைத் துடைக்காமல் விளக்குக்குள் வைப்பது மட்டும் சிரிக்கத்தக்கதல்ல. சரியாக இறுகாத அக்ரிலேட் தோலில் அடிக்கடி படப்பட ஒவ்வாமை வரலாம். ஒரு முறை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடியது, பல் அடைப்பது போன்ற சிகிச்சைகளிலும் தொல்லை தரக்கூடியது. 'ஹெமா' என்ற வேதிப்பொருள் உள்ள நகப்பூச்சுகளை ஐரோப்பிய ஒன்றியம் தொழில்முறையாளர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது இதனால்தான். 'டி.பி.ஓ.' என்ற ஒளித் தூண்டுபொருளை 2025 செப்டம்பர் முதல் அங்கே அழகுப் பொருள்களில் தடையே செய்துவிட்டார்கள். பாட்டிலின் பின்பக்கப் பொடியெழுத்தைப் படிக்கும் ஜெல்காரி அரிது; முன்பக்க நிறப் பெயரைத்தான் படிப்பாள்.

கல்யாண சீசனில் இவளுடைய கலைக்கு விடிவு பிறக்கிறது. "அக்கா, எனக்கும் போட்டுவிடுக்கா" என்று சித்தி மகள் கையை நீட்டுவாள். பிறர் கையில் போடும்போது இரண்டு கைக்கும் இவளுடைய வலது கையே வேலை செய்வதால், பத்து நகமும் முதல்முறையாக ஒரே ஆள் வரைந்தவையாக அமையும். செய்தி பரவும். பெரியம்மா "வயசானவ, மெல்லிசா ஒண்ணு போடு, ஆனா தூரத்துல இருந்து தெரியணும்" என்பார். மாமியார் முறை உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம் என்று மூன்று முறை மறுத்துவிட்டு, நிறத்தை அவர்களே எடுத்துத் தருவார்கள். கூலி என்று எதுவும் கிடையாது. மண்டபத்தில் இவளுக்கு மட்டும் முதல் பந்தியில் இடம் பிடித்து வைப்பார்கள்.

விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அதனால் இரண்டு, மூன்று வாரத்தில் அடியில் வெற்று நகம் எட்டிப் பார்க்கும். இந்த நிலையில் நுனியைப் பல்லால் கடித்து உரித்தெடுப்பவளுக்கு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்தே வரும்; முழு நகம் புதிதாக வளர ஆறு மாதம் வரை ஆகும். முறைப்படி எடுக்க, மேற்பரப்பைச் சற்று ராவிவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து, அலுமினிய ஃபாயிலைச் சுற்றிக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். அசிட்டோன் டைனிங் டேபிளின் வார்னிஷையும் ஜெல்லையும் வேறுபடுத்திப் பார்க்காது என்பதால் கீழே தட்டு வைப்பது நல்லது. ஒவ்வொரு கையாகச் செய்வதுதான் உத்தமம். நேரம் மிச்சம் என்று இவள் இரண்டு கையிலும் ஒரேயடியாகச் சுற்றிக்கொள்வாள். பத்தாவது விரலுக்குப் பல்லைப் பயன்படுத்துவாள். சரியாக அப்போதுதான் வாசல் மணி அடிக்கும். புதிதாக ஆர்டர் செய்த பூனைக்கண் செட் வந்திருக்கும். கூரியர் தம்பி ஓ.டி.பி. கேட்பார். செல்போன் கைரேகை கேட்கும்.