கண்ணை மூட எவ்வளவு, தம்பி?

வடை இன்னும் பல்லில் படவில்லை. அதற்குள் தம்பிக்குக் கண் மூடிவிட்டது.

உங்கள் ஊரிலும் ஒருவன் இருப்பான். எங்கள் ஊர் ஆள், காங்கேசன்துறை வீதியில் மல்லாகத்துக்கும் தெல்லிப்பழைச் சந்திக்கும் இடையில் எந்தக் கடை திறந்தாலும், நாடா வெட்டுகிற கத்தரிக்கோல் வரமுதல் வந்து நிற்பான். கையில் தடி, தடி நுனியில் போன், போனைச் சுற்றி வட்ட லைற். "வணக்கம் உறவுகளே!" என்று தொடங்குவான். உறவுகள் என்றால் கனடாவில் இருக்கிறவர்கள். பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு வணக்கம் கிடையாது. எங்களுக்குக் கிடைப்பது, "மாமா, ஒருக்கா அங்கால தள்ளி நில்லுங்கோ, பிறேமுக்க வாறியள்."

தள்ளி நின்றதால்தான் இந்தக் கண் மூடும் வித்தையைப் பக்கவாட்டில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதலில் ஒரு கடி. கடித்தது உதட்டோடு நிற்கும்போதே இமை இறங்கிவிடும். பிறகு தலை இடமும் வலமுமாக மூன்று தரம் மெல்ல ஆடும். செத்தவீட்டுக்கு வந்தவர்கள், "என்ன செய்யிறது, நல்ல மனுசன்" என்று ஆட்டுவார்களே, அதே ஆட்டு. ஒரு கை நெஞ்சுக்குப் போகும். இரண்டு விநாடி மௌனம். பிறகு கண்ணைத் திறந்து, இப்போதுதான் மயக்கம் தெளிந்தவன்போலக் கமராவைப் பார்த்து, "வேற லெவல்!"

இந்த முழு வேலையிலும் நாக்குக்கு ஒரு பங்கும் இல்லை. ஒருநாள் இரவு கொத்துரொட்டிக் கடையில் ஓடர் குவிந்த அவதியில் உப்புப் போட மறந்துவிட்டார்கள். தம்பி வாயில் வைத்தான், கண் மூடினான், மூன்று தரம் ஆட்டினான், நெஞ்சில் கை வைத்தான். அடுத்த மேசையில் அதே கொத்தைச் சாப்பிட்ட ஒரு பெரியவர், "டேய், உப்பில்லையடா!" என்று கத்தினார். வீடியோ வந்தபோது பார்த்தேன். பெரியவரின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு.

யாழ்ப்பாணத்துச் சமையலுக்கு இது புது வியாதி. எங்கள் ஆட்கள் பாராட்டுவதில் மகா சிக்கனம். கலியாண வீட்டில் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவரிடம், சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். "பறவாயில்லை" என்பார். அதுதான் உச்சம். அதற்கு மேலே "திறம்" என்று ஒன்று உண்டு. அது ஒருவர் ஆயுளில் நாலைந்து தரம்தான் சொல்லக்கூடியது. என் மாமியார் ஒடியல் கூழ் காய்ச்சினால் ஒழுங்கையே மணக்கும். அதைக் குடித்து முடித்து, பிளாவை வழித்து நக்கின பிறகு மாமனார் சொல்வது, "கொஞ்சம் உறைப்புக் கூடிப் போச்சு." அவருக்குப் பிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை, ஒரு மீன் ரோல்ஸுக்குக் கண் மூடுகிறது.

சாப்பாட்டோடு நின்றிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். தளபாடக் கடைக்காரர் கூப்பிட்டார். தம்பி சோபாவில் இருந்தான், கண்ணை மூடினான். ரைல்ஸ் கடைக்காரர் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றி வெறுங்காலால் ரைல்ஸில் மிதித்து, கண்ணை மூடினான். பெயின்ற் கடையில் வாளி மூடியைத் திறந்து மணந்து பார்த்து மூடினான். அன்று மட்டும் உண்மையாகவே தலை சுற்றியிருக்கும். தண்ணீர்த் தாங்கி விற்கிற இடத்தில் என்ன செய்வான் என்று எனக்கு ஆவல். தாங்கியில் காதை வைத்துத் தட்டினான். மூடினான்! சந்தியில் ஒரு மலர்ச்சாலையும் இருக்கிறது. அவர்கள் இன்னும் இவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பெட்டிக்குள் படுத்துக் கண்ணை மூடிக் காட்டுவான். அந்த ஒரு வீடியோவில்தான் நடிப்பும் பொருளும் சரியாகப் பொருந்தும்.

அவன் கண்ணை மூடாத இடம் எங்கள் ஊரில் ஒன்றுதான். துர்க்கையம்மன் கோயிலில், செவ்வாய்க்கிழமைச் சனம் எல்லாம் கண் மூடிக் கும்பிடுகிற நேரத்தில், இவன் முழித்துக்கொண்டு நிற்பான். கமரா சரியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

காசு எப்படி வருகிறது என்று ஒருநாள் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னான். "சாப்பாட்டுக்கடை எண்டால் சாப்பாடும் பெற்றோல் காசும் மாமா. புடவைக்கடை, நகைக்கடை எண்டால் அது வேற ரேற். வியூஸைப் பாத்துத்தான் தருவினம்." ஆயிரம் சந்தாதாரரும் ஒரு வருசத்துக்குள் 4000 மணித்தியாலம் ஆட்கள் பார்த்த கணக்கும் சேர்ந்தால் யூரியூப்பும் தன் விளம்பரக் காசில் பங்கு தரும். அதிலும் இங்கே இருந்து பார்க்கிற கண்ணுக்கு விலை குறைவு, கனடாவிலும் லண்டனிலும் இருந்து பார்க்கிற கண்ணுக்கு விலை கூட. அதனால்தான் எங்களுக்கு வணக்கம் இல்லை. எங்கள் கண் மலிவு.

ஆனால் கடைக்காரர் முட்டாள் இல்லை. தெல்லிப்பழையில் இருக்கிற கடைக்குக் கனடாவின் ஸ்காபரோவில் விளம்பரம் எதற்கு என்று நானும் யோசித்தேன். அங்கே ஸ்காபரோவில் பனி கொட்டுகிற இரவில் ஒரு அண்ணர் இந்த வீடியோவைப் பார்க்கிறார். ஊர் வீதி தெரிகிறது, பள்ளிக்கூட மதில் தெரிகிறது, தொண்டை அடைக்கிறது. விடிய எழும்பி இங்கே இருக்கிற தங்கச்சிக்கு அடிக்கிறார்: "அந்தச் சோபா பாத்தனீயே? நான் காசு போடுறன், போய் எடு." தங்கச்சிக்கு இருக்கிற கதிரையே போதும். அண்ணர் காசு அனுப்பிவிட்டாரே, போய் எடுக்கிறாள். விளம்பரம் பூமியைப் பாதி சுற்றிப் போய், திரும்பி வந்து, எதிர்வீட்டு விறாந்தையில் சோபாவாக இறங்குகிறது. கொழும்பில் இருக்கிற பெரிய விளம்பரக் கொம்பனிகளுக்குக்கூட இந்தச் சூட்சுமம் இவ்வளவு சுத்தமாகப் பிடிபட்டிருக்குமோ தெரியாது. எங்கள் ஊர்க் கடைக்காரருக்குப் பிடிபட்டிருக்கிறது. ஊர் ஏக்கத்தை மீற்றர் போட்டு விற்கிறார்.

விளம்பரம் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. விளம்பரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் நாங்கள். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா புதுப்படத்துக்கு விளம்பரம் வாசித்தால், சைக்கிளில் மூன்று பேராகப் பட்டணம் போய் வின்சரிலோ ராணியிலோ வரிசையில் நின்றோம். படம் மோசமாக இருந்தால் படத்தைத்தான் திட்டினோம், ராஜாவைத் திட்டவில்லை. ஏன்? அந்த ஒலிபரப்பின் பெயரே வர்த்தக சேவை. இது வியாபாரம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அதே வானொலியில் 1952 இல் அமீன் சயானி தொடங்கிய ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சிக்குப் பெயர் பினாக்கா கீத்மாலா. பற்பசைதான் முதலில், பாட்டு பிறகு. எங்கள் யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரக் கனகராசா பனங்கொட்டை நட்டார், நல்ல புத்தி சொன்னார், மாதப் பத்திரிகையும் நடத்தினார். பத்திரிகையின் பெயர் 'மில்க்வைற் செய்தி'. சவர்க்காரத்தைத் தலையங்கத்தில் வைத்துவிட்டுத்தான் மனுசன் கதைக்கத் தொடங்கினார்.

தம்பி அதைத்தான் செய்கிறானில்லை. வீடியோ ஏற்றும்போது, இதில் பணம் பெற்ற விளம்பரம் இருக்கிறது என்று அடையாளம் போடுவதற்கு யூரியூப்பிலேயே ஒரு பெட்டி இருக்கிறது. அதை அழுத்தினால் தொடக்கத்தில் சில விநாடி ஒரு சின்ன எழுத்து வரும், அவ்வளவுதான். "அது போட்டால் சனம் நம்பாது மாமா" என்கிறான். தன் வாயாலேயே வழக்கை முடித்துவிட்டான். இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021 ஜூன் 14 இலிருந்து இப்படிப்பட்டவர்கள் விளம்பரத்தை விளம்பரம் என்று எழுதியே ஆகவேண்டும் என்று விதி வைத்தது. அமெரிக்காவில் கிம் கர்தாஷியன் ஒரு கிரிப்ரோ நாணயத்தை இன்ஸ்ராகிராமில் புகழ்ந்தபோது 2,50,000 டொலர் வாங்கியதைச் சொல்லவில்லை. 2022 ஒக்ரோபரில் அங்குள்ள பங்குச்சந்தை ஆணையத்துக்கு 12,60,000 டொலர் கட்ட ஒப்புக்கொண்டார். இதைத் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு மேலான நட்டம் மனதில் ஏறவில்லை. "ஒரு போஸ்ருக்கு ரெண்டரை இலட்சம் டொலரோ!" என்று கண்ணை மூடினான்.

இனி என் சொந்தக் கதை. ஒரு கடையில் கிறைண்டர் ஒன்றை மேசையில் வைத்து இவன் வீடியோ செய்தான். உளுந்து அரைபடுகிற சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடினான். இவ்வளவு எழுதுகிற நான் போய் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வாங்கினேன். ஒன்பதாம் நாள் விடிய, தோசைக்குப் போட்ட உளுந்து பாதியில் இருக்க, ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. கடைக்குப் போனால், "உத்தரவாதம் மோட்டருக்கு இல்லை, மூடிக்குத்தான்" என்றார்கள். தம்பியிடம் போனேன். "மாமா, நான் வீடியோ மட்டும்தானே செய்தனான்?"

அதையும் சிரித்து விட்டிருப்பேன். கிறீமுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு நாளில் முகம் வெளுக்கும் என்று ஒரு டப்பி. மேலே பெயர் இருந்தது, செய்த இடம் இல்லை. இவன் புறங்கையில் பூசிக் கண்ணை மூடினான். எங்கள் ஒழுங்கையில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை அதை வாங்கிப் பூசியது. முகம் சிவந்து, தோல் உரிந்து, இரண்டு கிழமை பள்ளிக்கூடம் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தது. அந்த டப்பியில் என்ன இருந்தது என்று ஒருவரும் சோதிக்கவில்லை. ஆனால் இப்படியான வெளுக்கும் கிறீம்களில் பாதரசம் கலப்பது உலகம் அறிந்த விசயம். தோல் நிறமி உண்டாக்குவதை அது தடுக்கும், போகப்போகச் சிறுநீரகத்தையும் தின்னும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களை 2020 உடன் நிறுத்தவேண்டும் என்றது மினமாட்டா உடன்படிக்கை. கறுத்த பிள்ளையிடம் போய், உன் நிறம் பிழை என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிறவனை நான் தம்பி என்று கூப்பிட விரும்பவில்லை. அன்று அவனுடைய வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன். வீடியோவை அழித்தான். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ, எத்தனை டப்பி போனதோ, அவனுக்கே கணக்குத் தெரியாது.

சத்தத்துக்கு வெளியே வந்தது அவனுடைய தாய். அந்த மனுசி என்னோடு சண்டைக்கு வரவில்லை. "நீங்களாவது சொல்லுங்கோ அண்ணை. வயித்தெரிவு எண்டு ராவில நித்திரையே இல்லை. ஒரு நாளைக்கு மூண்டு கடைக் கொத்தும் ரோல்ஸும் திண்டால் குடல் என்னத்துக்கு ஆகும்? வீட்டில சோறும் சொதியும் போட்டாலும் ஒரு வாய் வைச்சிட்டுக் கண்ணை மூடுறான். நித்திரையோடா எண்டு கேக்கிறன், முழிக்கிறான்." தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கமரா இல்லாமல் பார்க்கையில் அவனுக்கு இருபத்திரண்டு வயசுதான். வேலை இல்லாத வீடு. தகப்பனின் கடன். தடி நுனியில் தொங்குகிற அந்தப் போனும் தவணைக் கட்டுக்காசுதான். அதற்குமேல் என்னால் சத்தம் போட முடியவில்லை.

ஆனாலும் கடைக்காரரை விடமாட்டேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், வியாபாரி நுகர்வோரை ஏமாற்றும்படி நடக்கக்கூடாது என்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண்ணுக்கு அடிக்கலாம். ரசீதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அதுவரை ஒரு விளம்பரம். கிறைண்டர் எங்கள் குசினி மூலையில் இருக்கிறது. நிறம் சிவப்பு, பார்க்க வடிவு. வேண்டியவர்கள் வந்து சும்மா எடுத்துக்கொண்டு போகலாம். அது வேலை செய்யாது. இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் காசு தரவில்லை.