பன்றித்தொடையின் குதிக்காலில் ஒரு கமரா

"ஆனித் திருவிழாவுக்கு வாறன். கமராச் சாமான் ஒண்டு சொல்லு, வாங்கிக்கொண்டு வாறன். ஒண்டுதான்!" என்று கனடாவிலிருந்து மச்சான் போன் எடுத்தான்.

ஒன்று மட்டும் என்றால் என்னத்தைச் சொல்வது? புதுக் கமராவா, தூரத்து லென்ஸா, ட்ரோனா? இரண்டு நாள் நித்திரையில்லை. கடைசியில் சரித்திரத்தையே கேட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். ஊர்காவற்றுறைக்காரனுக்கு அது லேசு. கண்டவனெல்லாம் கப்பலில் சாமான் கொண்டுவந்து இறக்கிய துறையல்லவா இது.

முதலில் பராக்கிரமபாகு ராசா. 12ஆம் நூற்றாண்டில் அவன் நயினாதீவில் தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு, ஊராத்துறைக்கு, அதாவது எங்கள் துறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகருக்குச் சட்டம் சொல்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால்பங்கு அரசனுக்கு, முக்கால் உடையவனுக்கு. மற்றச் சரக்கென்றால் சரிபாதி. கமரா யானையுமில்லை, குதிரையுமில்லை. ஆகவே குறிகட்டுவானில் படகேறும்போது அது கடலில் விழுந்தால் பாதி ராசாவுக்கு. எந்தப் பாதி? லென்ஸைக் கழற்றி அவன் வைத்துக்கொண்டு வெறும் கூட்டை என்னிடம் தந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்து வந்தவன் போர்த்துக்கீசப் பறங்கி. துறைமுகத்தில் இறங்கினான். இடத்தின் பெயர் என்னவென்று ஒருவரையும் கேட்கவில்லை. அவன் பாஷையில் துறைக்கு என்ன சொல்லோ அதையே பெயராக எழுதிவைத்தான். இங்கிலீசில் இன்றைக்கும் நாங்கள் 'கைட்ஸ்'தான். எடுத்த படத்துக்குப் பெயர் வைக்கப் பஞ்சிப்பட்டு, கமரா தானாகப் போட்ட இலக்கத்தோடு விட்டுவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அந்த இனம்.

அதோடு நின்றானா? எங்களுக்கும் காரைநகருக்கும் நடுவே, கடலுக்குள்ளேயே ஒரு கோட்டை கட்டினான். பார்க்க என்ன வடிவு! சுற்றிவர எங்கும் தண்ணீர், குடிக்கத்தான் கிடையாது. 1658இல் ஒல்லாந்தன் வந்து வளைத்துக்கொண்டு நின்றான். உள்ளே குடிதண்ணீர் தீர்ந்தது, பறங்கி கையைத் தூக்கினான். விலையான கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு, மேலதிக பற்றரி இல்லாமல் கலியாணவீட்டுக்குப் போய், தாலி கட்டுகிற நேரம் முழிக்கிற மாப்பிள்ளைத்தோழனை நான் கண்டிருக்கிறேன். அதே முழிதான் முழித்திருப்பான்.

ஒல்லாந்தனுக்கோ கற்பனை கூட. இலங்கை பன்றித்தொடை மாதிரி இருக்கிறதாம், இந்த இடம் அதன் குதிக்காலாம். கோட்டைக்கு 'ஹமன்ஹீல்' என்று பெயர் வைத்துவிட்டான். பசியோடு வரைபடம் பார்த்தால் இப்படித்தான். ட்ரோனும் இருந்திருந்தால் முழுப் பன்றியையும் கண்டிருப்பான். பிறகு தீவுகளுக்கெல்லாம் தன் ஊர்ப் பெயர்கள்: நாங்கள் லெய்டன், காரைநகர் ஆம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம். புங்குடுதீவு ஆச்சி ஒருத்தியிடம் போய், "எணை, நீ மிடில்பர்க்கோ?" என்று கேட்டுப் பாருங்கள், விளக்குமாறு வரும். ஒட்டிக்கொண்டது நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும்.

அந்தக் கோட்டை இப்போது கடற்படை நடத்துகிற ஹோட்டல். அதற்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுவிட்டு, "மச்சான் கொண்டுவந்தது ஐயா" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு வயது போதாது. ட்ரோனை வெட்டினேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்றொரு பெரிய படப்பிடிப்புக்காரி 1875இல் இலங்கைக்குக் குடிவந்தா. கப்பலில் ஒரு பசுவும் இரண்டு சவப்பெட்டியும் கொண்டுவந்ததாகக் கதை. இதுவல்லவோ சாமான் பட்டியல்! ஈரக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்த மனிசி, இந்த வெக்கைக்குள் வந்து எடுத்த படங்கள் கொஞ்சம்தான். 1879இல் இங்கேயே கண்ணை மூடினா. சவப்பெட்டி வாங்கினதாவது வீணில்லை.

தூரத்து லென்ஸ் நெடுந்தீவுக் குதிரைகளுக்காக. கிட்டப் போனால் ஓடிவிடும். கமராவும் கெதியாய்ப் பிடிக்கவேணும். 1975இல் கொடாக் கம்பனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கமரா 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல் படமொன்றைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன். அடுத்த படத்துக்குக் குதிரையில்லை, குதிரை எழுப்பின புழுதிதான் கிடைக்கும். அந்தக் காலத்தில் பிறக்காததற்குக் கடவுளுக்கு நன்றி என்று நினைத்தேன். பிறகு, நான் வளர்ந்த காலம் ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பற்றரியே கொண்டுவரக் கூடாது என்று தடை போட்ட காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். செய்தி முடிகிறவரை சுற்றினவனுக்குக் கை சுளுக்கு, கேட்டவனுக்கு விமர்சனம்.

சண்டை முடிந்தபிறகு இதே மச்சான் தந்துவிட்டுப் போன கமரா இன்னும் என்னிடம் உண்டு. போன மழைக்காலத்தில் லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம், நூல்நூலாய், சிலந்தி கட்டின மாதிரி. திருகாணிகளில் பச்சைக் களிம்பு. சும்மாவே உப்புக் காற்று, மாரியில் ஈரமும் சேர்ந்தால் எந்தக் கம்பனிக் கமராவும் ஒன்றுதான். பால்மா ரின்னுக்குள் அரிசி போட்டு அதைப் புதைத்து வைத்தேன். ஈரம் போகவில்லை. அரிசி வண்டு இரண்டு வியூஃபைண்டருக்குள் குடிபுகுந்தன. பிறகு பார்த்த ஒவ்வொரு காட்சியிலும் முன்னுக்கு ஒரு வண்டு நடந்து போனது.

போன் எடுத்துச் சொன்னேன்: "மச்சான், ஈரம் உறிஞ்சிற சிலிக்கா ஜெல் கொண்டு வா. காத்துப் புகாத பெட்டி இஞ்ச வாங்கலாம்."

அவன் ஆனியில் வந்திறங்கினான். சூட்கேஸைத் திறந்தால் நூற்றுக்கு மேல் குட்டிக் குட்டிப் பக்கற். ஒன்றும் வாங்கினதில்லை. சப்பாத்துப் பெட்டி, கைப்பை, விற்றமின் போத்தல் என்று வருசக்கணக்காய்ப் பொறுக்கிச் சேர்த்தது. அம்மா ஒன்றைக் கிழித்து, உள்ளங்கையில் கொட்டி, உருட்டிப் பார்த்தா.

"என்ன தம்பி, ஊர்காவற்றுறைக்கோ உப்புக் கொண்டுவந்தனீ?"