ரெண்டாவது இன்டர்லூட் ஆசாமி

டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி, எதிரில் பேசிக்கொண்டிருப்பவரின் வாயை அடைக்கிறாரா? அவரேதான். “இருங்க, இப்ப வரும் பாருங்க” என்பார். வரப்போவது பாடகரின் குரல் அல்ல, கவிஞரின் வரியும் அல்ல. முதல் சரணம் முடிந்து அடுத்த சரணம் தொடங்குவதற்குள், வயலின்கள் மேலேயும் பேஸ் கிட்டார் கீழேயுமாக ஓடி மறையும் அரை நிமிடம். அது கடந்ததும் விரல் இறங்கும். “ம், நீங்க சொல்லுங்க” என்பார். சொல்லிக்கொண்டிருந்தவருக்கு எங்கே விட்டோம் என்பது மறந்தே போயிருக்கும்.

தமிழ்நாட்டில் இளையராஜா ரசிகர் என்று சொல்லிக்கொள்வது ஒரு அடையாளமே இல்லை. ஷேர் ஆட்டோ ஓட்டுநரும் ராஜா ரசிகர்தான், அதில் ஏறுகிற மாவட்ட நீதிபதியும் ராஜா ரசிகர்தான். நம்மவர் அந்தக் கூட்டத்தில் சேராதவர். ஊரெல்லாம் பல்லவியை முணுமுணுக்கும். இவர் ‘தனனன தன்னா’ என்று வாத்தியத்தை முணுமுணுப்பார். “மொத இன்டர்லூட் வேற, ரெண்டாவது வேற. மனுஷன் ஒண்ணையே ரெண்டு தடவ போட்டுட்டுப் போயிருக்கலாம்ல? யாரு கேக்கப் போறா?” என்று இவரே கேட்டுவிட்டு, இவரே கண்கலங்குவார்.

ஐம்பதைத் தாண்டிய வயது. ‘அன்னக்கிளி’ வந்த 1976-ல் இடுப்பில் இருந்திருப்பார், அல்லது பால்வாடியில். இன்று வங்கியிலோ மின்வாரியத்திலோ பெரிய பொறுப்பு. அலுவலகத்தில் கறாரானவர் என்று பெயர். இரவு ஒன்பது மணிக்குமேல் வாட்ஸ்அப் குழுவுக்குள் நுழைந்தால் மட்டும் அவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு திரும்பிவிடும். மதுரையில் பாதிப் பேர், மஸ்கட், சிங்கப்பூர், டல்லாஸ் என்று மீதிப் பேர். பாட்டைப் பற்றி அங்கே யாரும் முழு வாக்கியம் எழுதுவதில்லை. “1.52” என்று ஒருவர் போடுவார். பதிலுக்கு நாலு பேர் நெஞ்சில் கைவைத்த பொம்மையைப் போடுவார்கள். எந்தப் பாட்டின் 1.52 என்று கேட்பவர் இன்னும் பக்குவப்படாதவர்.

வாசித்தவர்களையெல்லாம் இவர் சொந்தக்காரர்களாக்கி வைத்திருக்கிறார். பேஸ் கிட்டார் சசிதரன், ‘நம்ம சசி’. டிரம்ஸ் புருஷோத்தமன், ‘புரு அண்ணன்’. இரண்டு பேரையும் மேடைக்குக் கீழே எழுபதடி தள்ளி நின்று பார்த்ததோடு சரி. புல்லாங்குழல் நெப்போலியன் மீது தனிப் பிரியம். அவர்தான் அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும் என்பதை மூன்று நிமிட அறிமுகத்திலேயே எவரிடமும் சொல்லிவிடுவார். மகள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, வரலாற்றுப் புத்தகத்தோடு வந்து “அப்பா, நெப்போலியனைப் பத்தி நாலு வரி சொல்லுங்க” என்றிருக்கிறாள். “ஃப்ளூட்ல அவரை அடிச்சிக்க ஆளே கெடையாதும்மா” என்று ஆரம்பித்துவிட்டார்.

இவர்களின் ஏக்கமெல்லாம் பாட்டின்மீது அல்ல. பாட்டு இப்போது விரல்நுனியில் கிடக்கிறது. பாட்டு எளிதில் கிடைக்காமல் இருந்த நாட்களின்மீதுதான் ஏக்கம். நோட்டுத்தாளில் பதின்மூன்று பாட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு வார இறுதி வரை நடையாய் நடந்த காலம் அது. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். காசு இருந்தால் டிடிகே, இல்லாவிட்டால் கடைக்காரர் கொடுப்பது. கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் ‘டக்’கென்று நின்றுவிடும். இடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் ரசனைக்கு ஒரு பாட்டை இறக்கியிருப்பார், அதுவும் பழகிவிடும். இன்று அதே பாட்டைச் செல்பேசியில் துல்லியமான ஒலியில் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் நம்மவர் தன்னையறியாமல் நிறுத்திவிடுகிறார். செயலி அடுத்துப் போடுகிற பாட்டு இவருக்கு எப்போதுமே தப்பான பாட்டு. “இதுக்கப்புறம் ‘ப்ரியா’ பாட்டுல்ல வரணும்?” என்பார். ஒரே தெருவில், ஒரே கடையில் பதிவுசெய்த இன்னொருவருக்கு மட்டும்தான் அது புரியும். அவர் இப்போது டல்லாஸில் இருக்கிறார்.

இந்தக் கூட்டத்தின் பேச்சு வெளியாட்களுக்குப் பிடிபடாது. பணத்தில் தொடங்கலாம். ராஜாவின் நூறாவது படம் ‘மூடுபனி’, ஐந்நூறாவது ‘அஞ்சலி’. ஆகவே நூறு ரூபாய் நோட்டு மூடுபனி, ஐந்நூறு ரூபாய் நோட்டு அஞ்சலி. “மாப்ள, ரெண்டு அஞ்சலி ஒரு மூடுபனி இருக்குமா?” என்றால் ஆயிரத்து நூறு ரூபாய் கைமாற்று. நானூறாவது படம் ‘நாயகன்’. அதற்கு நோட்டு இல்லாதது ரிசர்வ் வங்கியின் குறை. ஆயிரமாவது படம் என்று ‘தாரை தப்பட்டை’ 2016 பொங்கலுக்கு வந்தது. ஆயிரம் ரூபாய் நோட்டுக்கும் ஒரு பெயர் கிடைத்தது என்று குழு மகிழ்ந்தது. அந்த நவம்பரிலேயே நோட்டு செல்லாமல் போய்விட்டது.

இது தெரியாமல் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு மைத்துனப் பையன், “அவசரமா ஒரு அஞ்சலி அனுப்புங்கப்பா” என்று மூத்தவர் ஒருவர் கேட்டதைப் பார்த்துவிட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி, கைகூப்பி, பூங்கொத்தும் வைத்துவிட்டான். அன்றுமுதல் யார் கடன் கேட்டாலும் முதலில் ஒரு பூங்கொத்து வந்து விழுகிறது.

குழுவில் பெயர் மட்டும் இருந்து எந்தச் சந்திப்புக்கும் வராதவருக்குப் ‘புத்தம் புது காலை’ என்று பட்டம். ‘மருதாணி’ என்ற படத்துக்காகப் பதிவான பாட்டு அது. பிறகு ‘அலைகள் ஓய்வதில்லை’ இசைத்தட்டில் இடம்பெற்றது, படத்தில் இடம்பெறவில்லை. 1981-ல் தியேட்டரில் அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்து ‘வணக்கம்’ போட்ட பிறகும் எழுந்திருக்காத அண்ணன்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2014-ல் ‘மேகா’ படத்தில் அந்தப் பாட்டு ஒருவழியாகத் திரைக்கு வந்தது. வராத ஆசாமி என்றைக்காவது ஓட்டல் வாசலில் தலைகாட்டினால், உள்ளேயிருந்து “டேய், மேகா ரிலீஸ்டா!” என்று ஒரு கூச்சல் எழும். சர்வர் பயந்துவிடுவார்.

‘அட்டைய மாத்திட்டான்’ என்றொரு குற்றச்சாட்டும் உண்டு. அதன் வரலாறு 1992. ஆகஸ்ட் 15-ல் ரஹ்மானின் ‘ரோஜா’ வந்தபோது, “ரெண்டு மாசம் தாங்காது” என்று கல்லூரி விடுதியில் சத்தியம் செய்தவர் நம்மவர். தீபாவளிக்கு ராஜாவின் ‘தேவர் மகன்’ வந்தது. இரவு முழுக்கப் போர்வைக்குள் வாக்மேனும் கையுமாகக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரன் ஒருநாள் கேசட்டைத் திறந்து பார்த்துவிட்டான். அட்டை ‘தேவர் மகன்’, உள்ளே ‘ரோஜா’. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் தண்டனை முடியவில்லை. இன்று சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் போதும்: “பங்காளி அட்டைய மாத்திட்டான், உள்ள மைசூர்பாகு.” நம்மவர் ரஹ்மானைப் பற்றி இப்போது சமாதானமாகத்தான் பேசுகிறார். “நம்ம ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்ச புள்ளதானப்பா!” வெற்றி பெற்ற எவரையும் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொள்ள அவரிடம் ஒரு வழி இருக்கிறது.

அயர்லாந்தை மட்டும் மன்னிக்கவில்லை. 2002-ல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி, உலகத்தின் பிரியமான பாட்டு எது என்று இணையத்தில் வாக்கெடுத்தது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா’வுக்காக நம்மவர் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு அழுதார். அக்கா, மாமா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லோர் பெயரிலும் மின்னஞ்சல் முகவரி முளைத்தது. முடிவில் ராக்கம்மாவுக்கு நாலாவது இடம். மூன்றாவது பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’, இரண்டாவது ‘வந்தே மாதரம்’. “ரெண்டும் தேசபக்தி, விட்டுடலாம்.” முதலிடம் பிடித்தது ‘எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்’ என்ற ஐரிஷ் பாட்டு. அதுவும் தேசபக்திதான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்பதில்லை. உலகக் கோப்பையில் அயர்லாந்து எந்த அணியோடு ஆடினாலும் இவர் அந்த எதிரணி. குழுவில் இவர் பெயர் ‘தலைமைத் தேர்தல் ஆணையர்’.

கல்யாண வீடுகளில் இவரைக் கொஞ்சம் கவனமாக உட்கார வைக்கவேண்டும். மெல்லிசைக்காரர்கள் ‘நீலே நீலே அம்பர் பர்’ என்று இந்திப் பாட்டைத் தொடங்கினால் போச்சு. பாயசத்தோடு எழுந்துவிடுவார். “அது 83. இதே மெட்டுல நம்ம ‘இளைய நிலா’ 82! ‘பயணங்கள் முடிவதில்லை’!” என்று பக்கத்து இலைக்காரரிடம் வாதாடுவார். பக்கத்து இலைக்காரர் மறுப்பே சொல்லியிருக்கமாட்டார், ரசம் கேட்டிருப்பார்.

ராகத்தில் மட்டும் கொஞ்சம் பலவீனம். ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை என்று ஒருமுறை ஒரு வித்வான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குழைந்து வருகிற எதையும் ரீதிகௌளை என்பார். பத்துக்கு ஒன்று பலித்தும்விடும். வீட்டில் குக்கர் விசிலடித்தால் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்கிறார்: “என்னங்க, ரீதிகௌளையா?”

இந்த நையாண்டிகளில் நெடுங்காலம் ஓடியது சிம்பொனிதான். 1993-ல் ராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனி பதிவு செய்தார். ஊரெல்லாம் சுவரொட்டி, பாராட்டு விழா. இசைத்தட்டு மட்டும் வெளிவரவே இல்லை. “அடுத்த மாசம் வருது” என்று தேதி வாரியாக எழுதி வைத்துக் காத்திருந்த கூட்டம் இது. ஏமாற்றம் முற்றி, மெல்லமெல்லக் கேலியாகிவிட்டது. “ஒம் பையனுக்குக் கல்யாணம் எப்ப?” “சிம்பொனி வரட்டும்.” “வீட்டுக்கு வெள்ளையடிக்கலையா?” “சிம்பொனி வந்ததும்.” நம்மவரிடம் ‘பத்து அஞ்சலி’ கைமாற்று வாங்கிய சிங்கப்பூர் நண்பரும் அதே வாய்தாவைத்தான் சொல்லிவந்தார். யாருக்கும் அவசரமில்லை.

2025 மார்ச் 8 அன்று, எண்பத்தோராவது வயதில், ராஜா லண்டனில் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றிவிட்டார்.

குழு அன்று இரவு தூங்கவில்லை. ஆனந்தக் கண்ணீர், பழைய நாளிதழ்த் துணுக்குகள், “இதுக்காகத்தான்டா உசுரோட இருந்தோம்” என்ற குரல் பதிவுகள். மறுநாள் காலை ஆறு மணிக்கு நம்மவர் சிங்கப்பூர் நண்பருக்கு எல்லோர் முன்னிலையிலும் எழுதினார்: “சிம்பொனி வந்தாச்சு மாப்ள. பத்து அஞ்சலி?”

வழக்கப்படி முதலில் பூங்கொத்துகள் விழுந்தன. அதன்பிறகு சிங்கப்பூரிலிருந்து பதில்: “பங்காளி, நான் சொன்னது 93-ல ரெக்கார்ட் பண்ணுனது. இது வேற, புதுசா எழுதுனது. அது இன்னும் வரலையே?”

விவாதம் மூன்று நாள் நடந்தது. ஆதாரங்கள் புரட்டப்பட்டன. டல்லாஸ்காரர் கடன்காரர் பக்கம் நின்றார். நாலாம் நாள், குழுவிலேயே தகவலில் கறாரானவர் என்று பெயரெடுத்த நம்மவர் எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்த்துவிட்டு எழுதினார்: “சரிதான். அது வேற, இது வேற. அது இன்னும் வரல.”