பாம்பு தொடாத பாம்புக்காரர்

நகர்ப்புற வனவிலங்கு மீட்பு மையம் என்பது, அடிபட்டோ வழிதவறியோ மனிதக் குடியிருப்புக்குள் மாட்டிக்கொண்ட காட்டுயிர்களை வாங்கிவைத்துச் சிகிச்சையளித்து மீண்டும் வெளியில் விடுகிற இடம். அதன் உதவித் தொலைபேசி என்பது, அவ்வுயிர்களில் பெரும்பாலானவை அந்த இடத்துக்கு வந்து சேராமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு. பின்னது முரணாகத் தோன்றினாலும், சென்னையில் அத்தகைய தொலைபேசியின் முன் வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் அமர்கிற தொண்டரைச் சற்று நேரம் கவனிப்பவருக்கு அது எளிதில் விளங்கிவிடும்.

இந்த இனத்தில் கல்லூரி மாணவியும் உண்டு, இரவுப்பணி முடித்த மென்பொருள் பொறியாளரும் உண்டு. எனினும் அதன் முழுவளர்ச்சி பெற்ற மாதிரி ஓய்வுபெற்ற வங்கி அலுவலரே, ஏனெனில் ‘கையெழுத்து ஒத்துவரவில்லை’ என்பதை எதிரிலிருப்பவர் மனம் நோகாமல் முப்பது ஆண்டுகள் சொல்லிச்சொல்லிப் பதப்பட்ட குரல் அவரிடம் தயாராக இருக்கிறது. உறவினர் வட்டாரத்தில் அவருக்குப் ‘பாம்புக்காரர்’ என்று பெயர். வாழ்நாளில் அவர் ஒரு பாம்பையும் தொட்டதில்லை என்பதும், தொடும் எண்ணமும் அவருக்கு இல்லை என்பதும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் தம் வீட்டுக் கிணற்றடிப் புற்றைப் பற்றி ஆலோசனை கேட்பதைத் தடுப்பதில்லை. கண் மருத்துவர் கண்ணைப் பார்க்கிறார், பல் மருத்துவர் பல்லைப் பார்க்கிறார். இவரோ விலங்கைக் காதால் மட்டுமே பார்க்கிறவர்.

காதால் பார்ப்பது எளிதன்று. அழைப்பவர்கள் தரும் அளவுகள் மெட்ரிக் முறையிலோ பழைய முழக் கணக்கிலோ அடங்காதவை. பயத்தின் மடங்குகளில் அமைந்தவை. குளியலறையில் பத்தடி நாகம் நிற்பதாக வந்த செய்தியைத் தொண்டர் நிதானமாக உரித்துக்கொண்டே போனால், இறுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் புழுப்பாம்பாக இருக்கும்: மண்புழுவின் தோற்றமும் அரையடிக்கு உட்பட்ட நீளமும் கொண்டது, நஞ்சற்றது, ஆணே இல்லாமல் பெண்கள் மட்டுமே இனத்தைப் பெருக்கிக்கொள்வது. இந்தக் கடைசிச் செய்தியை அழைத்தவரிடம் சொல்லலாமா என்று புதிய தொண்டர்கள் தயங்குவார்கள்; பழையவர் சொல்லிவிடுவார், ஏனெனில் வியப்பு வந்த இடத்தில் விளக்குமாற்றின் ஓங்கிய கை தானாகத் தாழ்கிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. வெள்ளிக்கோல் வரையன் என்னும் நஞ்சற்ற பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் உள்ள ஒற்றுமைதான் அவருடைய உறக்கத்தைக் கெடுப்பது. முன்னதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வால்நோக்கி மங்கும். பின்னதன் பட்டைகள் தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து பின்னால் போகப்போகத் தெளியும். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்துசேரும் படம் எப்போதும் அழைத்தவரின் கட்டைவிரலையும் மிதியடியையும் துல்லியமாகக் காட்டி, மூலையில் கருநிறக் கயிறொன்றை ஐயத்துக்கு விடுவதால், ‘தள்ளி நில்லுங்கள், எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள், வனத்துறையினர் வரும்வரை அடிக்காதீர்கள், பிடிக்காதீர்கள்’ என்ற வாக்கியத்தோடு அவர் நின்றுகொள்கிறார். அந்தக் கருநிறம் தோட்டத்து ரப்பர் குழாயாகவே முடிந்த நாட்களும் பதிவேட்டில் உள்ளன.

தவறான தகவலைவிட நம்பிக்கைதான் அவருக்குப் பெரும் பகை. சாரை ஆண், நாகம் பெண், ஒன்றை விட்டால் மற்றது தேடி வரும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கடித்த கொம்பேறிமூக்கன் மரத்தின் மேல் ஏறி, கடிபட்டவரின் சிதைப்புகை எழுகிறதா என்று பார்த்திருக்கும் என இன்னொருவர் தம் பாட்டியைச் சாட்சிக்கு அழைப்பார். சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு, கொம்பேறிமூக்கனால் மனிதருக்குச் சாவு நேர்வதில்லை என்பதையெல்லாம் தொண்டர் விளக்கத்தான் செய்கிறார். மறுமுனையில் ஒரு நொடி மௌனம் நிலவும். பிறகு, ‘அது சரி சார், ஜோடி எப்ப வரும்?’ என்ற கேள்வி வரும்.

கோடை தொடங்கியதும் காக்கைப் பருவம் வருகிறது. கூட்டிலிருந்து இறங்கி, முழுமையாகப் பறக்க வராமல், தரையிலும் தாழ்ந்த கிளையிலும் சில நாள் தத்திப் பழகும் இளம்பறவையைப் பறக்கப் பழகும் குஞ்சு எனலாம். அது அனாதையன்று, அதன் தாய் தந்தையர் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். கருணை மிகுந்த நகரவாசி அதைக் கையில் எடுக்கிறார். பெற்றோர் அவர் உச்சந்தலையில் கொத்துகின்றனர். அவர் உதவித் தொலைபேசிக்கு அழைத்து, காக்கைகள் சேர்ந்துகொண்டு ஒரு குஞ்சைக் கொல்லப் பார்ப்பதாக முறையிடுகிறார். எடுத்த இடத்திலேயே ஒரு புதர் மறைவில் விட்டு விலகிவிடுங்கள், மனிதக் கை பட்டதற்காகத் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடாது என்று சொன்னால், இவ்வளவு தூரம் உருகிய தமக்கு ஒன்றும் செய்யாமலிருக்கும் வேலையா என்று அவருக்கு மனம் ஆறுவதில்லை. அதற்குள் வீட்டார் பாலாடையால் பால் புகட்டத் தொடங்கியிருப்பார்கள். பறவைக்கு நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருப்பதால், பாலோ தண்ணீரோ புகட்டுவது அதன் நுரையீரலில் ஊற்றுவதற்குச் சமம். விலங்குகளை மனிதக் கொடுமையிலிருந்து காக்கச் சட்டமாவது இருக்கிறது. மனிதப் பரிவிலிருந்து காக்க இந்தத் தொண்டர் ஒருவர்தான் இருக்கிறார்.

சட்டம் என்றதும் அவர் நிமிர்ந்து உட்காருவார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் கிண்டியில் பாம்புப் பண்ணை அமைந்ததும் 1972-ஆம் ஆண்டிலேயே என்பது அவருக்கு ஏதோ சுப முகூர்த்தம்போலப் படுகிறது. காக்கையையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர் என்று வகுத்திருந்த அட்டவணை 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டதை, சொந்த மருமகனுக்குப் பதவி உயர்வு கிடைத்ததைப்போல அவர் பேசுவார். கூண்டில் வளரும் பச்சைக்கிளிக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் அப்பாவியாக அழைக்கும்போது மட்டும், கிளியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பதை வைத்தியத்துக்கு முன் சொல்வதா பின் சொல்வதா என்று தெரியாமல் சற்று இருமிக்கொள்வார்.

ஒலிகளில் அவருக்கு மிகப் பிடித்தது கூகைக்குஞ்சின் சீறல். பரண்மேல் பாம்புக்கூட்டம் சீறுகிறது, இரவில் மட்டும்தான் கேட்கிறது என்ற புகார் வந்தால், முகத்தில் ஒளி பரவ, அது பசித்த குஞ்சுகள் உணவு கேட்கும் ஓசை என்று விளக்குவார். பாம்பில்லை என்று மகிழ்ந்தவர் அடுத்த கணமே சாக்குருவி என்று அலறுவதால், அந்தக் கூகைக் குடும்பம் அப்பகுதி எலிகளைத் தின்று தீர்ப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது அவர் வழக்கம். அக்டோபரில், இமயத்தின் அடிவாரக் காடுகளிலிருந்து பறந்து வந்து களைத்து யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் விழுந்த ஆறுமணிக்குருவியை, ‘வெளிநாட்டுக் கிளி, யாரோ வளர்த்தது’ என்று அழைப்பார்கள். அட்டைப்பெட்டியில் துளையிட்டு, இருட்டில், சந்தடியில்லாமல் வையுங்கள் என்பதே அதற்கும் அவர் தரும் முதல் மருந்து. குழந்தைகள் மணிக்கொரு முறை பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்பது சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

இத்தனை தேர்ச்சியும் தடுமாறும் ஓரிடம் பல்லி. தொலைபேசி அவர் வீட்டுக்கே திருப்பிவிடப்பட்டிருந்த ஓர் இரவில், பல்லி மேலே விழுந்துவிட்டதாகப் பதறிய பெண்ணொருவரிடம், அதற்கு நஞ்சில்லை, அது கொசுவைத் தின்னும், தானே போய்விடும் என்று அவர் முறையாக எடுத்துரைத்தார். ‘அதெல்லாம் தெரியும் சார், தோள்ல விழுந்தா என்ன பலன்?’ என்றது மறுமுனை. தொண்டர் வாயடைத்து நிற்க, அடுக்களையிலிருந்து அவர் தாயார், ‘தோள்னா வெற்றிடா, வெற்றின்னு சொல்லு’ என்றார். அவர் சொன்னார், அழைத்தவர் மனமார நன்றி கூறி வைத்தார், பதிவேட்டின் நடவடிக்கைப் பத்தியில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற பதிவு ஏறியது.