பத்துக்குப் பத்து

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிற நம்மவர் சமையலறையைப் பிறகுதான் பார்ப்பார். ஜில்லோ தளத்தில் வீட்டு விவரத்தோடு அந்தப் பகுதிப் பள்ளிகளுக்குக் கிரேட்ஸ்கூல்ஸ் மதிப்பெண்ணும் இருக்கும், பத்துக்கு இத்தனை என்று. எட்டு என்றால் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் கண்ட மாதிரி முகம் சுண்டிவிடும். அந்த எண் ஆசிரியரின் திறமையைவிடப் பெற்றோரின் சம்பளத்தையே அதிகம் சொல்கிறது என்கிறார்கள். அதனால் என்ன, நமக்கு இரண்டும் ஒன்றுதானே!

அடுத்தது மேக்னட் பள்ளி. வெள்ளையர், கறுப்பினத்தவர் பிள்ளைகள் கலந்து படிக்கட்டும் என்று 1970களில் பரவிய ஏற்பாடு. இன்று அதில் இடம் பிடிக்க ஐந்தாம் வகுப்பிலேயே கோச்சிங்.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் இருக்கிறது தாமஸ் ஜெஃபர்சன் என்ற மேக்னட் உயர்நிலைப் பள்ளி. 2020இல் அதன் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் ஒதுக்கீடு. ஆக, கெட்டிக்காரப் பிள்ளைகள் குவிந்த பகுதிக்குக் கூடுதல் விலை கொடுத்துக் குடிபோனவருக்குக் கிடைத்தது கூடுதல் போட்டி. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024இல் விசாரிக்க மறுத்துவிட்டார்கள்.

உயர்நிலைப் பள்ளி நான்கு வருடம். வீட்டுக்கடன் முப்பது வருடம்.